ஷ்வைன்ஃபுர்ட்டில் வேலை கிடைத்தவர்களுக்கு

ஜெர்மனியில் வேலை என்றதும் வீட்டில் எல்லோர் மனதிலும் வருவது பெர்லின், மியூனிக், ஃபிராங்ஃபர்ட். ஆஃபர் கடிதத்தைத் திறந்து பார்த்தால் ஊர்ப் பெயர் ஷ்வைன்ஃபுர்ட் என்று இருக்கும். போனில் மேப்பைத் திறந்து பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கினால்தான் மைன் ஆற்றங்கரையில் அது தட்டுப்படும். பெயரை அப்படியே தமிழில் சொன்னால் பன்றித்துறை. மாமனார் வீட்டில் இதை மட்டும் சொல்லாதீர்கள்.

ஊர் சின்னதுதான், ஐம்பதாயிரம் சொச்சம் பேர். ஆனால் 1883இல் ஃபிரீட்ரிஹ் ஃபிஷர் என்பவர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், அப்பழுக்கில்லாத உருண்டையாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தை இங்கேதான் செய்தார். பேரிங் தொழில் இந்த மண்ணில் வேர்விட்டது அப்படித்தான். 1943இல் அமெரிக்க விமானங்கள் இந்தச் சின்ன ஊரைத் தேடிவந்து குண்டு போட்டதற்கும் அதே பேரிங்தான் காரணம். இன்றும் ஷெஃப்லர், எஸ்கேஎஃப், இசட்எஃப் என்று மூன்று பெரிய பெயர்களை வைத்துத்தான் ஊர் நடக்கிறது.

பெரிய நகரத்தில் போய் இறங்கினால் உங்களுக்கு முன்பே வந்த நூறு தமிழர்கள் வழி சொல்வார்கள், அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். இங்கே அந்த வசதி குறைவு. எந்தக் காகிதத்துக்குப் பின் எந்தக் காகிதம் என்று வரிசை தெரிந்தவர்கள் ஒரு மாதத்தில் மூச்சுவிடுவார்கள். தெரியாதவர்கள் ஆறு மாதம் அலைவார்கள். நான் இரண்டாவது வகை. கீழே சொல்வதில் பெரும்பகுதி மற்ற ஜெர்மன் தொழில் ஊர்களுக்கும் பொருந்தும். இந்த ஊர் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கு மட்டும் உரியதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும் முன்: உங்கள் பெயர்

பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள், பெயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இன்ஷியல். ஜெர்மன்காரர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் இங்கே நீங்கள் இனிமேல் அப்பாதான். முதல் நாள் வரவேற்பறையில் ஓர் அம்மாள் என் அப்பா பெயருக்கு முன் ‘ஹெர்’, அதாவது திரு, போட்டுக் கூப்பிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவைதான் உறைத்தது.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். டிகிரி சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அசல்களைக் கையோடு கொண்டுவாருங்கள். அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும்.

பணம்: முதல் சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் வாடகை, அட்வான்ஸ், மெத்தை, கோட், ஷூ என்று எல்லாம் வந்து நிற்கும். நான்கு மாத வாடகை அளவுக்காவது கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

வீடு

முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குச் சாமான்களோடு கிடைக்கும் தற்காலிக வீட்டைக் கம்பெனி மூலமாகக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். அங்கிருந்தபடி நிதானமாக நிரந்தர வீடு தேடலாம். வீட்டைப் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று எழுதுகிறவன் மோசடிக்காரன்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். ‘கால்ட்மீடெ’ என்பது வெறும் வீட்டுக்கு. அதோடு தண்ணீர், குப்பை, பொதுப் பராமரிப்பு, பெரும்பாலும் ஹீட்டிங் எல்லாம் சேர்த்தால் ‘வார்ம்மீடெ’. மின்சாரத்துக்குத் தனியாக நீங்களே ஒப்பந்தம் போட வேண்டும். நம்மூர் அட்வான்ஸ் போன்றதுதான் ‘கௌட்சியோன்’. சட்டப்படி அது மூன்று மாதக் கால்ட்மீடெக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இதைச் சொன்னால் ஓனர் முகம் கொஞ்சம் மாறும், ஆனால் மறுக்க முடியாது.

அப்புறம் சமையலறை. பல வீடுகளில் சமையலறை என்று காட்டப்படும் அறையில் சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது உங்களிடம் விலை சொல்லுவார். பழைய சமையலறையை அப்படியே வாங்கிக்கொள்வது பெரும்பாலும் லாபம். புதிதாக ஆர்டர் செய்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு கரண்ட் அடுப்பை வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் குளியலறையில் கழுவ வேண்டியதுதான். நான் ஏழு வாரம் கழுவினேன்.

சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது அதுதான் அட்வான்ஸைக் காப்பாற்றும்.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று, கீழே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுவது. இங்கே வீட்டுக் கதவு எண் என்று எதுவும் முகவரியில் இருக்காது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவே. பெட்டியில் பெயர் இல்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வரி எண், பேங்க் கார்டு, இன்ஷூரன்ஸ் அட்டை, எல்லாமே கடிதமாகத்தான் வரும்.

முகவரிப் பதிவு, அதைத் தொடர்ந்து வரும் கடிதங்கள்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் ‘அன்மெல்டுங்’. பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்திருப்பதாக ஓனர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைச் சும்மா நிரப்பக்கூடாது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிந்தால் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவில் அது உங்கள் வருமான வரியில் 8 சதவீதம். கட்ட விருப்பம் என்றால் நல்லது, ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

பதிவுச் சான்றிதழ் கையில் வந்தபின் மற்றவை நகரும். வரி அடையாள எண் சில வாரத்தில் தபாலில் வரும், உடனே கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள். அது சேராவிட்டால் ஆறாம் வரி வகுப்பில், அதாவது ஆக அதிகமாகப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. பின்னால் திரும்பி வரும் என்றாலும் முதல் சம்பளத்தில் அது வலிக்கும். டிவி, ரேடியோ கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் தேடி வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ‘என்னிடம் டிவியே இல்லை’ என்பதெல்லாம் செல்லாது. அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போட்ட நண்பர் ஒருவர் அபராதத்தோடு கட்டினார்.

மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலோர் சேருவது அரசு சார்ந்த ‘க்ராங்கன்காசெ’ ஒன்றில். அடிப்படைக் கட்டணம் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு காசெயும் கொஞ்சம் கூட்டும். பாதியைக் கம்பெனி கட்டும். வேலைக்குப் போகாத மனைவியோ கணவரோ, குழந்தைகளோ தனிக்கட்டணம் இல்லாமல் உங்களோடு சேர்ந்துவிடலாம். தனியார் காப்பீடு முதலில் மலிவாகத் தெரியும். குடும்பம் வந்தபின் ஆளுக்கொரு பிரீமியம் கட்டும்போதுதான் விஷயம் புரியும், திரும்பி வருவதும் எளிதல்ல.

‘ஹாஃப்ட்ஃபிளிஹ்ட்’ என்ற பொறுப்புக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். கட்டாயம் கிடையாது, ஆனால் அடுத்தவர் பொருளுக்கு நீங்கள் சேதம் செய்தால் முழுத்தொகையும் உங்கள் தலையில்தான் விழும். எடுக்கும்போது சாவி தொலைந்தால் கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டடத்தின் பொதுச் சாவி ஒன்று தொலைந்து, எல்லாப் பூட்டையும் மாற்ற நேர்ந்தால் பில் எவ்வளவு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

விசாவுக்குப் பிறகான ப்ளூ கார்டுக்கு, அதாவது பட்டம் படித்து வேலைக்கு வருபவர்களுக்கான வசிப்பு அனுமதிக்கு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். ஷ்வைன்ஃபுர்ட் நகரம் தனி, ஷ்வைன்ஃபுர்ட் மாவட்டம் தனி. ஊருக்குள் குடியிருந்தால் நகர அலுவலகம். வாடகை குறைவென்று பக்கத்தில் நீடர்வெர்ன், டிட்டல்ப்ருன், சென்ஃபெல்ட் பக்கம் போனால் மாவட்ட அலுவலகம். பஸ்ஸில் பத்து நிமிட தூரம்தான், ஆனால் உங்கள் ஃபைல் வேறிடம். நேரம் கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும், வந்த வாரத்திலேயே மெயில் அனுப்பிவிடுங்கள்.

ஆலைக்குள்

பதினொன்றரை மணிக்கு வராந்தாவில் எதிரே வருகிற ஒருவர், முன்பின் பார்த்திராதவர், உங்களைப் பார்த்து ‘மால்ட்சைட்’ என்பார். சாப்பிட்டாச்சா என்று நம்மூரில் கேட்பது மாதிரி. பதில் விவரமெல்லாம் வேண்டாம், நீங்களும் ‘மால்ட்சைட்’ என்றால் போதும். நான் முதல் நாள் நின்று, ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

காலம் என்பது இங்கே ஷிப்ட் காலம். ஆறு, இரண்டு, பத்து. அலுவலக வேலை என்றாலும் ஏழு மணிக்கு மீட்டிங் வைப்பார்கள், மாலை நான்குக்கு மேல் இருக்கை காலி. தாமதமாக உட்கார்ந்திருந்தால் உழைப்பாளி என்று பெயர் வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது என்பது சட்டம், இரண்டு வேலை நாட்களுக்கு இடையில் பதினொரு மணி நேர ஓய்வும் வேண்டும். நீங்கள் மீறினால் மாட்டுவது உங்கள் மேலாளர். உலோகத் தொழிலில் ஐஜி மெட்டல் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தம் உள்ள கம்பெனி என்றால் வாரம் 35 மணி நேரம், ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை. ஒப்பந்தம் இல்லாத சின்னக் கம்பெனியில் சட்டம் தருவது வாரம் ஐந்து நாள் வேலைக்கு 20 நாள் மட்டுமே. ஆஃபரில் சம்பள எண்ணை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், வாட்ஸ்அப்பா போனா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்று கட்டாயம். சில கம்பெனிகள் முதல் நாளே கேட்கும். அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2023 முதல் அது மின்வழியில் போகிறது, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு, ஆனால் சேர்ந்த முதல் நான்கு வாரத்துக்கு இது பொருந்தாது. காய்ச்சலோடு வந்து இருமிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் மெச்ச மாட்டார்கள், வீட்டுக்குப் போ என்பார்கள்.

மொழி. ஆஃபரில் ‘வேலை மொழி ஆங்கிலம்’ என்று போட்டிருப்பார்கள். மீட்டிங் அறை வரை அது உண்மை. மெஷின் அருகே நிற்கும் மேஸ்திரி நாற்பது வருடமாகப் பேசுவது ஃபிராங்கன் வட்டார ஜெர்மன், வகுப்பில் படித்த ஜெர்மனே அவரிடம் தடுமாறும். ஆனால் உடைந்த ஜெர்மனில் நீங்கள் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அவர் நின்று முடிப்பதற்கு உதவுவார். அவருடைய உதவி இல்லாமல் உங்கள் டிசைன் எதுவும் ஆலைத்தளத்தில் நகராது. மக்கள் கல்லூரி எனப்படும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெயில் மாலை வகுப்பு உண்டு. இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு ஏ1 என்ற தொடக்க அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில், அதற்கும் மேலான பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம். அரை வருடம் மிச்சம்.

வேலை போய்விட்டால்

இதை யாரும் வழிகாட்டியில் எழுதுவதில்லை, தொழில் ஊரில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஊர் முழுக்க ஒரே தொழில். 2024இல் இசட்எஃப் ஜெர்மனியில் 14,000 வேலை வரை குறைக்கப்போவதாகவும், ஷெஃப்லர் ஐரோப்பாவில் 4,700 வேலை குறைக்கப்போவதாகவும் அறிவித்தபோது, பேக்கரி வரிசையில்கூட வேறு பேச்சு இல்லை.

முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம். நோட்டீஸ் காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு வர வேண்டும். மெயிலில் வந்தால் சட்டப்படி செல்லாது. வந்த தேதியைக் குறித்து வையுங்கள். கோர்ட்டுக்குப் போவதென்றால் மூன்று வாரம்தான் அவகாசம். தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வேலையின்மை உதவித்தொகையில் ஒரு வாரம் போய்விடும். பன்னிரண்டு மாதம் வேலையின்மைக் காப்பீட்டுக் கட்டணம் கட்டியிருந்தால் உதவித்தொகை உங்கள் உரிமை, பிச்சை அல்ல. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் இரண்டு வாரத்துக்குள் தெரிவியுங்கள். ‘விலகிக்கொள்கிறேன்’ என்று அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் அந்த மேஜையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஊழியர் மன்றத்திடமும் தொழிற்சங்கத்திடமும் காட்டுங்கள்.

அன்றாடம்

கடைகள் இரவு எட்டுக்கு மூடிவிடும், பவேரியாவில் இதில் தளர்வு குறைவு. ஞாயிறு முழுக்க மூடல். முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாலும் இல்லாமல் பிரெட்டும் இல்லாமல் உட்காராதவர்கள் யாருமில்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவதும் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் எறியாதீர்கள், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பி வரும்.

குளிர்காலத்தில் ஜன்னலை ஒருக்களித்து வைப்பது வீண். ஒரு நாளில் மூன்று தடவை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூட வேண்டும். நாம் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவிட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து வைத்தால் ஜனவரிக்குள் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை வந்துவிடும். அதன் செலவை ஓனர் உங்களிடம்தான் கேட்பார். படுக்கையறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருப்பது கட்டாயம், ஆகவே மிளகாய் தாளிக்கும்போது கதவைச் சாத்துங்கள்.

இந்திய டிரைவிங் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. ஷிப்ட் வேலைக்குக் கார் இல்லாமல் சிரமம், முதல் மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிடுங்கள். ஊருக்குள் சைக்கிள் போதும், மைன் கரையோரம் பாதை அருமை. டாக்டர் வேண்டுமென்றால் 116117, உயிர்போகும் அவசரம் என்றால் 112.

தனிமையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து பேச மாட்டார். ஏதாவது ஒரு ‘ஃபெரைன்’, அதாவது சங்கத்தில் சேருங்கள். கால்பந்து, பூப்பந்து, தோட்டம், பாட்டு, எதற்கும் ஒன்று இருக்கும். ஊரை வெறும் தொழிற்சாலை என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியின் தேசிய அறிவியல் கழகமான லியோபோல்டினா 1652இல் இங்கேதான் தொடங்கியது. சந்தைச் சதுக்கத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும் ஃபிரீட்ரிஹ் ரூக்கெர்ட் இந்த ஊரில் பிறந்த கவிஞர். நளன் தமயந்தி கதையை ஜெர்மனில் பாடியவர். எனக்கு அவரைப் பார்த்தாலே கொஞ்சம் தெம்பு வரும்.

குடும்பம் வரும்போது

ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவர் வருவதற்கு முன்பே ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்ததும் வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆனால் இந்த ஊரில் மொழி இல்லாமல் வேலை கிடைப்பது கடினம். அவர் வருவதற்குள் வகுப்பில் இடம் பிடித்து வையுங்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் சட்டப்படி உரிமை. உரிமை இருக்கிறது, இடம்தான் இருக்காது, டிக்கெட் போட்ட அன்றே விண்ணப்பியுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியை நம்பி வராதீர்கள்.

பவேரியாவில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஜெர்மன், கணக்கு, சூழலியல் மூன்றிலும் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் வந்தால் கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகும் பள்ளி. இங்கே ஒன்றுதான் ஆகச் சிறந்த மதிப்பெண் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு ஒன்றரை வருடத்தில் ஜெர்மன் படித்து அதை எட்டுவது பெரிய பாரம். பின்னாலும் மாற வழிகள் உண்டு, ஆனால் ஒரு வருடம் முன்கூட்டியே வர முடிந்தால் வந்துவிடுங்கள்.

கடைசியாகத் தபால் பெட்டி மறுபடியும். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் அவள் அப்பாவுடையது. பெட்டியில் என் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன், அவளுடைய இன்ஷூரன்ஸ் அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. இப்போது ஒரே தகட்டில் மேலே என் அப்பா, கீழே அவள் அப்பா. இரண்டு பேருமே ஜெர்மனியைப் பார்த்ததில்லை, கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது.